தூண் பாறைக்கு முதுகு காட்டாமல்

வியாழன் இரவு, கொடைக்கானல்

கொடைக்கானலுக்கு இது எத்தனையாவது பயணம் என்று மதுரையில் கார் ஏறும்போது எண்ணிப் பார்த்தேன். கல்யாணமான வருஷம் ஒன்று, பிள்ளைகளோடு நாலைந்து, சம்பந்தி வீட்டாரைக் கூட்டி வந்தது ஒன்று, வேலை விஷயமாக இரண்டு மழைக்காலம் மலையிலேயே தங்கியது தனி. அநேகமாக எல்லாத் தடவையும் தூண் பாறைக்குப் போயிருக்கிறோம். வீட்டு ஆல்பத்தில் அதற்குச் சாட்சியாக ஐந்து படங்கள் இருக்கின்றன. ஐந்திலும் நாங்கள் வரிசையாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். பாறை எங்கள் முதுகுக்குப் பின்னால். அதை நின்று பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

இந்தத் தடவை பாறை பார்க்க மட்டும்தான் வந்திருக்கிறேன். இதைச் சொன்னதும் வீட்டுக்காரி சிரித்தாள். "முப்பத்து நாலு வருஷம் கல்லோடதான குடித்தனம் பண்ணீங்க, இன்னுமா தீரல?"

அவள் சொல்வதும் நியாயம்தான். ரோடு வேலையில் ஓவர்சியராக இருந்தவன் நான். கல் என்றால் எனக்கு ஒன்றரை இஞ்ச், முக்கால் இஞ்ச், சிப்ஸ், எத்தனை யூனிட், லாரியில் அளவு குறைகிறதா, அவ்வளவுதான். ஒரு பாறையைப் பார்த்தால் அதிலிருந்து எத்தனை லோடு எடுக்கலாம் என்று மனசு கணக்குப் போடும். அந்தக் கணக்கு ஓர் இடத்தில் நின்றுபோனது. அது இந்தியாவிலேயே இல்லை. அதை நாளைக்கு எழுதுகிறேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இல்லாமல் மேலே விடுவதில்லை, அதைப் பையன் போனிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டான். வத்தலகுண்டு தாண்டி மலைச்சாலை பிடித்ததும் ஜன்னலை இறக்கினோம். டம்டம் பாறையில் நிறுத்தினோம். எதிர்மலையில் தலையாறு அருவி, எலிவால் அருவி என்பார்களே அது, கார்த்திகை மழைக்கு நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. 297 மீட்டர் உயரம். இங்கிருந்து பார்த்தால் கரும்பலகையில் ஒரு சாக்பீஸ் கோடு. சத்தம் கிடையாது. பக்கத்தில் ஒருவர் டீயை ஆற்றுகிற சத்தம்தான் கேட்டது.

லாட்ஜில் இருபத்து நாலு மணி நேரமும் வெந்நீர் என்று சொல்லித்தான் பதிவு செய்தோம். வந்து கேட்டால், "காலையில ஆறுலேருந்து எட்டு வரைக்கும் பக்கெட்ல வரும் சார்" என்கிறார் பையன். மீதி இருபத்து இரண்டு மணி நேரம் எங்கே போனது என்று கேட்டேன். அவர் பணிவாகச் சிரித்தார். சரி, பச்சைத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு இதை எழுதுகிறேன். விரல் விறைக்கிறது.

வெள்ளி இரவு

பாறை இல்லை.

சாப்பிட்டு, வெயில் வரட்டும் என்று காத்திருந்து, பதினொரு மணிக்குத்தான் கிளம்பினோம். ஊரிலிருந்து சுமார் எட்டுக் கிலோமீட்டர். டிக்கெட் எடுத்து உள்ளே போனால் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல ஒரு நூறு பேர் நிற்கிறோம். ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பக்கத்தில் நின்றது. சின்னப் பையன் கேட்டான், "அப்பா, தூண் எங்கப்பா?" அப்பா கொஞ்சமும் தயங்காமல் வெள்ளைக்குள் விரலை நீட்டி, "அந்தா பாரு" என்றார். பையனும் பார்த்தான். அவர் காட்டிய திசை தப்பு. எனக்கே அது அப்புறம் வெளியே இருந்த பலகையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

முக்கால் மணி நேரம் நின்றோம். வெளியே சுட்ட சோளம் விற்கிற அம்மா, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்ட எலுமிச்சை மூடியைச் சோளத்தில் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "பத்து மணிக்கு மேல வந்தா இப்படித்தான் சார். கீழருந்து ஏறி வந்துரும்."

அந்த 'கீழருந்து' என்ற சொல்லில் விஷயம் இருக்கிறது. நாமெல்லாம் மேகம் மேலிருந்து இறங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். தூண் பாறை பழனி மலையின் தெற்கு விளிம்பு. அதற்கு அப்பால் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பள்ளத்தில். காலை வெயிலில் அந்தத் தரை சூடாகிறது. ஈரக்காற்று கிளம்பி மலைச்சுவரில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, விளிம்பை எட்டும்போது மேகமாகிவிடுகிறது. அதாவது நாங்கள் லாட்ஜில் பொங்கலுக்கு இரண்டாவது கரண்டி சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தபோது அது மலை ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

மத்தியானம் ஏரியைச் சுற்றி நடந்தோம். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கரை போட்டுத் தேக்கியது. அவ்வளவு போதும், ஏரியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் நேற்றுச் சொன்ன கதைக்கு வருகிறேன்.

மகன் அடிலெய்டில் இருக்கிறான். போன வருஷம் அங்கே போயிருந்தபோது கங்காரு தீவுக்குக் கூட்டிப்போனான். கேப் ஜெர்விஸ் என்ற முனையில் காரோடு கப்பலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அந்தக் கரை. தீவு என்றதும் நான் பாம்பன் அளவுக்குக் கற்பனை செய்திருந்தேன். 4,400 சதுர கிலோமீட்டர், மதுரை மாவட்டத்தைவிடப் பெரிது. இறங்கி இரண்டு மணி நேரம் கார் ஓட்டித் தென்மேற்கு மூலைக்குப் போனோம். ஃப்ளிண்டர்ஸ் சேஸ் தேசியப் பூங்கா. 1802-ல் அந்தத் தீவுக்குப் பெயர் வைத்த மாலுமி மேத்யூ ஃப்ளிண்டர்ஸின் பெயர்.

வழியெல்லாம் கருகிய மரம். 2019 முடிந்து 2020 பிறந்த அந்தக் கோடையில் தீவில் ஏறக்குறையப் பாதி எரிந்துபோனதாம், பூங்கா அநேகமாக முழுவதும். கரிக்கட்டையாக நிற்கிற மரத்தின் உடம்பிலேயே ஆட்டுக்குட்டி ரோமம் மாதிரி புதுத்தழை விட்டிருந்தது. ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தேன். "இது நம்ம கொடைக்கானல் தைல மரமாச்சே!" மகன் சொன்னான், "அப்பா, இங்கேருந்துதான் அங்க வந்துச்சு." ஆமாம், நம் மலை வாசனை என்று நான் அறுபது வருஷமாக மூக்கில் வைத்திருந்தது ஆஸ்திரேலிய வாசனை. வாட்டில் என்கிற சீகை மரமும் அப்படியே. வெள்ளைக்காரன் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் கொண்டுவந்து நட்டவை.

அப்புறம் பாறை. ரிமார்க்கபிள் ராக்ஸ் என்பது அதன் பெயர். கடலுக்கு மேல் சுமார் 75 மீட்டர் உயரத்தில் கவிழ்த்த வாணலி மாதிரி ஒரு மொட்டைப் பாறை, அதன் உச்சியில் யாரோ விளையாடிவிட்டு எடுத்து வைக்க மறந்த சாமான்கள் மாதிரி பத்துப் பதினைந்து உருண்டைகள். ஒன்று கழுகு மூக்கு. ஒன்று உள்ளே குடைந்த சங்கு. வாணலி விளிம்பில் கம்பி கிடையாது, வழுக்கினால் நேரே கடல். எச்சரிக்கைப் பலகை மட்டும் உண்டு. அந்தக் கடலுக்கு அப்பால் தெற்கே அண்டார்டிகாதான்.

காற்று தள்ளியது. ஒதுங்க இடம் தேடி ஒரு பாறைக் குடைவுக்குள் போய் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். கிணற்று உறைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது. கண்ணுக்கு முன்னால் ஒரு ஜாண் தூரத்தில் கல். முதன்முதலாக ஒரு கல்லை அளக்காமல் பார்த்தேன் என்று நினைக்கிறேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு மணி மணியாக இருந்தது. இளஞ்சிவப்பு மணி ஃபெல்ஸ்பார். லேசாக நீலம் கலந்த சாம்பல் மணி குவார்ட்ஸ். நடுவில் கறுப்பாக மினுங்கும் மைக்கா. கட்டைவிரலால் தேய்த்தால் கல்கண்டு உதிர்வது போல ஒன்றிரண்டு மணி கையோடு வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

கிரானைட் கையால் தேய்த்தால் உதிருமா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் வேலை பார்த்தவனுக்கு இது புதிதில்லை. கடலோர வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துச் செங்கல் பொரிந்து கொட்டுமே, அதேதான். கடல் சாரல் கல்லின் நுண்துளையில் இறங்குகிறது. தண்ணீர் காய்கிறது, உப்பு மட்டும் உள்ளே தங்கிப் படிகமாக வளர்கிறது. வளர இடம் இல்லாமல் மணியை நெம்பி வெளியே தள்ளுகிறது. ஒரு பள்ளம் விழுந்துவிட்டால் அதற்குள் நிழல், ஈரம், இன்னும் உப்பு. பள்ளம் குழியாகி, குழி குடைவாகி, கடைசியில் மதுரைக்காரன் ஒருவன் காற்றுக்கு ஒதுங்கி உட்காரும் அறையாகிறது. அந்தக் கல் சுமார் 50 கோடி வருஷத்துக்கு முன்னால் பூமிக்கடியில் வெகு ஆழத்தில் குழம்பாக இருந்து இறுகியது. மேலே இருந்த மண்ணும் பாறையும் அரித்துப்போகவே பல கோடி வருஷம் ஆயிற்று. அதற்கப்புறம்தான் இந்த உப்பு வேலையெல்லாம்.

இன்னொன்று, நிறம். பாறையின் மேலெல்லாம் காவி பூசிய மாதிரி செம்மஞ்சள் படை. பெயின்ட் என்றுதான் முதலில் நினைத்தேன். இவள் அருகில் போய்ப் பார்த்துவிட்டு, "கல்பாசி மாதிரில்ல இருக்கு" என்றாள். அதைப் பற்றி அப்புறம்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. எட்டாயிரம் கிலோமீட்டர்கிட்டப் போய் ஒரு பாறையின் மடியில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன், வீட்டிலிருந்து நூற்று இருபது கிலோமீட்டரில் இருக்கிற பாறைக்கு ஐந்து தடவை முதுகைக் காட்டியிருக்கிறேன்.

ஆக, முகம் காட்டலாம் என்று வந்தால் அது முகத்தை மூடிக்கொண்டது. லாட்ஜைக் காலி செய்துவிட்டு நாளைக்குப் பண்ணைக்காட்டில் மச்சினன் வீட்டுக்குப் போகிறோம்.

சனி இரவு, பண்ணைக்காடு

மச்சினன் காபித் தோட்ட வேலைக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வந்தவன், அப்படியே தங்கிவிட்டான். பேச்சில் காரைக்குடி கொஞ்சம்தான் மிச்சம். "பாறைதான பாக்கணும் மாமா? வாங்க, மூடுபனி மறைக்காத பாறை காட்றேன்" என்று ஜீப்பில் ஏற்றித் தாண்டிக்குடிக்குக் கூட்டிப்போனான்.

தாண்டிக்குடி உயரம் குறைந்த மலை. குளிர் உறைக்காது. மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காபி, நடுவில் மலைவாழை. முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துத்தான் பழனிக்குப் போனார், அதனால் தாண்டிக்குதி, அதுவே தாண்டிக்குடி ஆனது என்று ஊரில் சொல்வார்கள். பாலமுருகன் கோயில் இருக்கிறது. கும்பிட்டுவிட்டுத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சரிவில் ஏறினோம்.

கற்திட்டைகள். குள்ளர் வீடு என்கிறான் மச்சினன். மூன்று பக்கம் மூன்று பாளத்தை நிறுத்தி, மேலே ஒரு பாளத்தை மூடியாக வைத்த கல் அறைகள், செத்தவர்களுக்காகக் கட்டியவை. உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது, அதனால் குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்று கதை கட்டிவிட்டார்கள். செண்பகனூர் சேசு சபைப் பாதிரியார் ஆங்லேட் இந்த மலை முழுக்க நடந்து இவற்றை அளந்து வரைந்து, 1928-ல் தொல்லியல் துறை அதை வெளியிட்டது. வெளிநாட்டுக்காரர் முழ நாடாவோடு அலைந்ததைப் பார்த்து ஊர்க்காரர்கள் புதையல் தேடுகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். புதையல் தேடுகிறவர்கள் அவருக்குப் பிறகும் வந்திருக்கிறார்கள். பாதித் திட்டைகளில் பக்கப் பாளம் உடைந்து கிடக்கிறது. ஒன்றில் வெள்ளை பெயின்ட்டில் இரண்டு பெயர், நடுவில் ஒரு இதயம்.

எனக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. ஒரு மூடிக் கல்லைச் சாண் போட்டு அளந்தேன். நீளம் இரண்டரை மீட்டர், அகலம் ஒன்றரை, கனம் இருபது சென்டிமீட்டர் சுமாராக. முக்கால் கன மீட்டர். எடை இரண்டு டன். கிரேன் இல்லாத காலம், சரிவு நிலம். "எத்தனை பேர் மாமா தூக்கியிருப்பாங்க?" என்றான். தூக்கியிருக்க மாட்டார்கள், மண்ணைச் சரிவாகக் குவித்து அதன் மேல் உருட்டுக்கட்டை போட்டு நெம்பித் தள்ளியிருப்பார்கள், நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன் என்றேன். அவன் தலையை ஆட்டினான். ஓவர்சியர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற மரியாதை அவனுக்கு இன்னும் இருக்கிறது.

ஆனால் நான் அசந்தது எடைக்கு அல்ல, கனத்துக்கு. விளிம்பைத் தடவிப் பார்த்தேன், உளி பட்ட தடம் இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கனம். பாறைக்கே அப்பளம் மாதிரி அடுக்கு விட்டுப் பெயரும் குணம் உண்டு. மேல்பரப்பில் நெருப்பு மூட்டிச் சூடேற்றினால் அந்த அடுக்கு உப்பிக்கொண்டு எழும். நான் வேலை பார்த்த குவாரிகளில் பழைய ஆட்கள் செய்வார்கள். வெடிமருந்து இல்லாமல் இருபதடிப் பாளம் எடுப்பார்கள். அடுப்பு மூட்டிய ஆள் காதைக் கல்லில் வைத்துக் கேட்பார். உள்ளே 'டொப்' என்று ஒரு சத்தம் வரும், "விட்டுருச்சு" என்பார். இந்தச் சரிவிலும் யாரோ காதை வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

இவள் அதற்குள் மச்சினனோடு மரத்தடியில் உட்கார்ந்து விழுந்த சுள்ளிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல்பாசி! செட்டிநாட்டுச் சமையல்கட்டில் இது இல்லாமல் கறி இறங்காது. கடையில் வாங்கும்போது காய்ந்த சருகு, கறுப்பும் சாம்பலும். இங்கே சுள்ளியில் ஒட்டி உயிரோடு, வெளுத்த பச்சையாக, ஓரம் சுருண்டு சின்னச் சின்னக் காது மாதிரி இருந்தது. முகர்ந்தால் ஒன்றும் இல்லை, கொஞ்சம் மழை வாசனை, அவ்வளவுதான். எண்ணெயில் போட்டால்தான் அதன் குணம் வெளியே வரும். இது செடியும் இல்லை, பாசியும் இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம். பாசி வெயிலில் சமைக்கிறது, பூஞ்சை வீடும் ஈரமும் தருகிறது. கங்காரு தீவில் பாறைக்குக் காவி பூசியிருந்ததும் இதே வகையறாதான். அது வெறும் கல்லைப் பிடித்துக்கொண்டு உப்புக்காற்றில் வாழ்கிறது.

"அங்க இருந்தத யாரும் குழம்புல போடலையாக்கும்" என்றாள். எனக்குத் தெரிந்து இல்லை.

ராத்திரி நாட்டுக்கோழி. கல்பாசி போட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரே இருட்டு. நாளைக்கு நாலரைக்கு அலாரம்.

ஞாயிறு மத்தியானம்

பார்த்துவிட்டேன்.

இருட்டிலேயே கிளம்பினோம். பெருமாள்மலை தாண்டும்போது கிழக்கே வெளுத்தது. புல் நுனியில் பனித்துளி. ஊருக்குள் ஒரு டீக்கடையில் இரண்டு டீ, வர்க்கி. தூண் பாறை கேட் திறந்தபோது எங்களுக்கு முன்னால் இரண்டு குரங்குகள் மட்டும்.

வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மூன்று தூண்கள். உயரம் 400 அடி என்கிறார்கள். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் 170 அடி. இரண்டு தெற்குக் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் இன்னும் அறுபது அடி மிச்சம் இருக்கும். ஆனால் கோபுரத்துக்கு நாம் அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். இங்கே தலைக்கு நேர் எதிரே நிற்கிறோம், கால் எங்கோ காட்டுக்குள் இருக்கிறது. உயரம் தெரியாமல் போவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மச்சினனின் பைனாகுலரை வாங்கி, வேலிக் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். முதலில் தெரிந்தது கோடுகள். உச்சியிலிருந்து அடிவரை தூக்குக்குண்டு விட்ட மாதிரி நெடுக்கு வெடிப்புகள். தச்சன் நூல் போட்டதுபோல அவ்வளவு நேர். குறுக்கேயும் உண்டு, ஆனால் நெடுக்குத்தான் ஆட்சி. ஒரே மலைச்சுவராக இருந்ததை இந்த வெடிப்புகள்தான் தூணாகப் பிரித்திருக்கின்றன. மழைத்தண்ணீர் வெடிப்பில் இறங்கும். கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக மக்க வைக்கும். மண் சேரும், விதை விழும், வேர் நெம்பும். ஒரு நாள் நடுவில் உள்ள பாளம் விடைபெற்றுப் போய்விடும். நடுத்தூணின் இடுப்பில் ஒரு வெடிப்பு, அதில் ஒரு மரம், என் உயரம்கூட இருக்காது. வேர் மட்டும் கீழ்நோக்கி நாலைந்து ஆள் நீளத்துக்குக் கல்லோடு கல்லாக ஒட்டி இறங்கியிருந்தது. அதன் வலது பக்கத்தில் கல் வெளிறி, புதுசாக இருந்தது. சுற்றிலும் மழைக்கறை கறுப்பாக ஓடியிருக்க, அந்த ஒரு சதுரம் மட்டும் வெளுப்பு. அங்கிருந்த பாளம் கிளம்பிப்போய் ரொம்ப நாள் ஆகியிருக்காது. பாறைக் கணக்கில் ரொம்ப நாள் என்றால் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

கங்காரு தீவுப் பாறையை உப்பு உருட்டியிருக்கிறது. இங்கே உப்பு இல்லை, தண்ணீருக்கு நேர்கோடுதான் பாதை. அதனால் அது உருண்டை, இது தூண். கல்லும் வேறு. அங்கே மணி மணியாகப் பெரிசு. இங்கே நெருக்கமான, இறுக்கமான கருங்கல், புதிதாக உடைத்தால் எண்ணெய் தடவிய மாதிரி பச்சையும் நீலமும் கலந்த கறுப்பு. பலகைகளில் கிரானைட் என்றுதான் எழுதியிருக்கிறது. கிரானைட் ஜாதிதான், ஆனால் இதற்குத் தனிப்பெயர் உண்டு: சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு வைத்த கல் நம் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. 1893-ல் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, கல்லறைக்காரரின் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். நான் வேலைக்காலம் முழுக்க ஜல்லியாக்கி ரோட்டில் கொட்டியதில் பாதி இதுவாகத்தான் இருக்கும். பெயர் தெரிந்திருந்தால் பில்லில் எழுதியிருப்பேன்.

வயசைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. இந்தக் கல்லின் மூலம் அதைவிட ரொம்பப் பழசு, ஆனால் பூமிக்கடியில் கடைசியாக வெந்து இந்த உருவத்துக்கு வந்தது சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னால். தீவுப் பாறை குழம்பிலிருந்து இறுகியது 50 கோடி. கிட்டத்தட்ட ஒரே காலம். அப்போது நாமும் ஆஸ்திரேலியாவும் தனித்தனி இல்லை, கோண்ட்வானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கொண்டிருந்த சமயம். அந்தப் பெயரும் நம்முடையதுதான், கோண்டு மக்களின் மத்திய இந்தியக் காட்டுப் பகுதியின் பெயர். மகனிடம் வீடியோ காலில் இதைச் சொன்னேன். "அப்ப நான் வெளிநாட்ல இல்லப்பா, பக்கத்து வீட்லதான் இருக்கேன்" என்றான். இவள் போனைப் பிடுங்கி, பக்கத்து வீடு என்றால் பொங்கலுக்கு வா என்றாள்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் இடது தூணின் கால் பக்கம் புகை மாதிரி ஒன்று தெரிந்தது. யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். சோளக்கார அம்மா சொன்ன 'கீழருந்து' அதுதான். மெதுவாகத்தான் வந்தது. வெடிப்பு வெடிப்பாகப் பிடித்து ஏறி, முதலில் மரத்தை எடுத்துக்கொண்டது, அப்புறம் வெளுத்த சதுரத்தை. பத்தே காலுக்கு உச்சி மட்டும் மிதந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கல்லூரிப் பையன் என்னிடம் போனைக் கொடுத்து, "அங்கிள், தூணோட ஒரு போட்டோ" என்றான். எடுத்துக் கொடுத்தேன். பின்னால் வெள்ளை.

குணா குகைக்கும் போனோம், பக்கத்தில்தான். 1821-ல் இந்த மலையை அளக்க வந்த வார்டு என்ற ராணுவ அதிகாரி பிசாசின் சமையல்கட்டு என்று பெயர் வைத்தாராம். அப்புறம் தமிழ்ப் படம் ஒன்றின் பெயர் ஒட்டிக்கொண்டது, 2024-ல் ஒரு மலையாளப் படம் வந்ததிலிருந்து நிற்க இடமில்லை. எல்லோரும் குகை என்கிறார்கள். அது குகையே இல்லை, தூண்களுக்கு நடுவே உள்ள வெடிப்பு. காலையில் பைனாகுலரில் பார்த்த அதே கோட்டின் வாய். ஆட்கள் விழுந்து செத்திருக்கிறார்கள், அதனால் கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள், நல்லதுதான். மேலே தரை முழுக்கச் சோலை மரங்களின் வேர், கயிற்றுக் கட்டில் மாதிரி பின்னிக் கிடக்கிறது. எல்லோரும் வேரில் நின்று படம் எடுத்தார்கள். வேர் எங்கே இறங்குகிறது என்று பார்த்தால் அதுவும் வெடிப்புக்குள்தான்.

தொட முடியவில்லை என்பது ஒரு குறைதான். தீவில் மடியில் உட்கார்ந்தேன், இங்கே கம்பிக்கு இந்தப் பக்கம். மச்சினனிடம் சொன்னேன். "நாளைக்குப் பழனி வழியா இறங்குங்க மாமா. வழியில ஒங்க சுவர் இருக்கில்ல, அதத் தொடுங்க."

மறந்தே போயிருந்தேன்.

திங்கள் மாலை, பழனி

பெருமாள்மலையில் பிரிந்து பழனி ரோடு பிடித்தோம். வடகவுஞ்சி, சவரிக்காடு என்று இறங்குகிற பாதை. வத்தலகுண்டு பாதையைவிட வண்டி குறைவு. கீழே வரவரக் காது அடைத்துத் திறந்தது.

1989 மழையில் இந்த ரோட்டில் ஒரு வளைவு அப்படியே சரிந்து இறங்கிவிட்டது. அங்கே தடுப்புச் சுவர் கட்ட என்னைப் போட்டார்கள். மலையிலேயே கிடந்த கல்லை உடைத்து, நான்கு மாதம் தார்ப்பாய்க் குடிசையில் தங்கிக் கட்டினோம். எந்த வளைவு என்று கண்டுபிடிக்க மூன்று தடவை வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. டிரைவர் தம்பி பொறுமைசாலி. நாலாவது இடத்தில் இறங்கியதும் தெரிந்துவிட்டது. மூலையில் ஒரு கல்லை ஓரடி அதிகமாக வெளியே தள்ளி வைத்திருப்போம், சாப்பாட்டுத் தூக்கு வைப்பதற்காக. அது அப்படியே இருந்தது.

சுவர் நிற்கிறது. கல் இடுக்கெல்லாம் பெரணி முளைத்திருக்கிறது. கல்லில் சாம்பல் வட்டங்களாக அந்தப் பூஞ்சைக் குடித்தனம், கைக்குட்டை அகலத்துக்கு. இவள் காரிலிருந்தே, "அது கல்பாசியா?" என்றாள். இது வேறு, கல்லோடு ஒட்டியது, உரிக்க வராது என்றேன்.

உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மேல் வரிசை வெயிலில் கதகதப்பாக இருந்தது, கீழே போகப் போகச் சில்லென்று. சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகத் தண்ணீர் வடியத் துளை விட்டிருந்தோம். பின்னால் மண்ணில் தேங்குகிற தண்ணீர் வெளியே வர வழி இல்லாவிட்டால் எந்தச் சுவரும் நிற்காது. எண்ணிக்கொண்டே போனேன். பதினேழு விட்டதாக ஞாபகம், பதினாறுதான் கண்ணில் பட்டது. பதினேழாவது பெரணிக்குப் பின்னால் இருந்தது. விலக்கிப் பார்த்தால் வாயில் சாக்லேட் உறை, சிப்ஸ் பாக்கெட், மண், எல்லாம் சேர்ந்து கெட்டித்துப் போயிருந்தது. அந்தத் துளைக்கு மேலே மட்டும் சுவர் ஈரமாக, விரல் கனத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது.

ஒரு சீகைக் குச்சியை ஒடித்துக் குத்தினேன். உறை வந்தது, பாக்கெட் வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. குச்சியை முழங்கை வரை விட்டுத் திருகியதும் உள்ளே ஏதோ இடம் கொடுத்தது. முதலில் சேறு, பிறகு கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. டிரைவர் தம்பி ஹாரன் அடித்தார். இவள் கதவைத் திறந்து துண்டை நீட்டினாள்.